ஒரே ஒரு டெனிம் சட்டை: எதை வாங்குவது, எதோடு போடுவது?

டெனிம் சட்டை ஒன்று இருந்தால் போதும், அலுவலகத்துக்கும் ஊர் சுற்றவும் அதுவே ஆகும் என்று ஆண்களுக்கு உடை யோசனை சொல்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எந்த டெனிம் சட்டை என்பதை மட்டும் சொல்வதில்லை. ஜவுளிக்கடையில் அந்தப் பெயரோடு தொங்குபவற்றில் குறைந்தது நான்கு வகை உண்டு: மெல்லிய ஷாம்ப்ரே, சட்டைக்கென்றே நெய்த அடர்நீல டெனிம், வெளிறிய நீலத்தில் பிரஸ் பட்டன் வைத்த வெஸ்டர்ன் சட்டை, மேலே ஜாக்கெட் மாதிரி போட்டுக்கொள்ளும் கனத்த ஓவர்ஷர்ட். நான்கும் நீலம்தான், பெரும்பாலும் பருத்திதான். ஆனால் ஒன்று போகும் இடத்துக்கு இன்னொன்று போகாது.

அலமாரியில் இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே இடம் வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன். சென்னை, மதுரை, திருச்சி போன்ற வெயில் ஊர்க்காரர். வெள்ளிக்கிழமையாவது அதை அலுவலகத்துக்குப் போட வேண்டும். ஞாயிறு மாலை வெளியே போகவும், பயணத்துக்கும், நண்பர் வீட்டு வரவேற்புக்கும் அது உதவ வேண்டும். என் தீர்ப்பு இதுதான்: சாதாரணப் பொத்தான் வைத்த, மெல்லிய, சலவையில் மென்மையாக்கிய அடர்நீல டெனிம். நெருங்கிய போட்டி ஷாம்ப்ரே. சிலருக்கு அதுவே முதலிடம், யாருக்கு என்று பிறகு சொல்கிறேன். வெஸ்டர்ன் சட்டையும் ஓவர்ஷர்ட்டும் நல்ல உடைகள்தான், ஆனால் இரண்டாவதாக வாங்க வேண்டியவை.

நிறத்துக்கு முன்பு எடை

கடையில் எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தை. முதலில் பார்க்க வேண்டியது கனத்தை. டெனிம் தொழிலில் துணியின் கனத்தை ஒரு சதுர கெஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்று சொல்வார்கள். ஜீன்ஸ் பேண்ட் பொதுவாக 12 முதல் 14 அவுன்ஸ். சட்டைக்கு நெய்யும் டெனிம் 4 முதல் 8 அவுன்ஸ் வரை இருக்கும். துணிக்கடைகளில் பழக்கமான ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கணக்கில் ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 34. ஆக 4 அவுன்ஸ் என்பது 136, 5 அவுன்ஸ் 170, 8 அவுன்ஸ் 270 ஜி.எஸ்.எம். அலுவலகத்துக்குப் போடும் சாதாரண பாப்ளின் சட்டை பெரும்பாலும் 100 முதல் 130-க்குள் அடங்கிவிடும். இந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே விஷயம் விளங்கும்: 8 அவுன்ஸ் சட்டை போடுவதும் பாப்ளின் சட்டையில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதும் ஏறக்குறைய ஒன்று. மே மாதத்து மதுரையில் அது தண்டனை.

வெயில் ஊருக்கு 5 அவுன்ஸ்தான் என் எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் ஆண்டின் பெரும்பகுதி போடலாம். 6-ஐத் தாண்டினால் மார்கழி, தை மாலைகளுக்கும் குளிரூட்டிய அறைகளுக்கும் மட்டும்.

சிக்கல் என்னவென்றால், சட்டை லேபிளில் எடையை அச்சிடுபவர்கள் அரிது. அதனால் கையால் அறிய வேண்டியிருக்கிறது. போட்டுப் பார்க்கும் அறையில் முழுக்கையை முழங்கைக்கு மேல் வரை மடியுங்கள். மெல்லிய துணி மூன்று மடிப்பு மடிந்து அப்படியே நிற்கும். கனத்த துணி இரண்டாவது மடிப்பிலேயே கையைச் சுற்றி வளையமாக விறைத்துக்கொள்ளும். நம் ஊரில் ஆண்கள் முழுக்கைச் சட்டையை மடித்து விடாமல் போடும் நாள் குறைவு என்பதால், இந்த ஒரு சோதனையிலேயே பாதிச் சட்டைகள் கழிந்துவிடும்.

லேபிளில் பெரும்பாலும் இருக்கும் இன்னொன்றைப் படியுங்கள்: துணியின் கலவை. முழுப் பருத்தி நல்லது. இழுத்தால் நீளும் எலாஸ்டேன் இழை 1 அல்லது 2 விழுக்காடு இருந்தால் தோளை அசைக்க வசதி, பாதகமில்லை. மரக்கூழிலிருந்து செய்யும் லையோசெல் கலந்தது வழவழப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அது தொய்ந்து விழும். டெனிமின் உறுதி அதில் இருக்காது. பாலியஸ்டர் கணிசமாகக் கலந்திருந்தால் சட்டையை மாட்டியிலேயே விட்டுவிட்டு நகருங்கள். இஸ்திரி தேவையில்லை என்ற அதன் ஒரே நன்மை நம் வேர்வைக்கு ஈடாகாது.

ஷாம்ப்ரேயா, டெனிமா?

இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்குபவர்களே அதிகம். விற்பவர்களும் அப்படித்தான் விற்கிறார்கள். நூல் ஒன்றுதான். இரண்டிலும் பாவு (நீளவாட்டில் ஓடும் நூல்) நீலம், ஊடை (குறுக்கே போகும் நூல்) வெள்ளை. வேறுபாடு நெசவில். ஷாம்ப்ரே சாதா நெசவு: ஊடை ஒரு பாவுக்கு மேல், அடுத்ததற்குக் கீழ் என்று மாறி மாறிப் போகும். அதனால் நீலமும் வெள்ளையும் சம அளவில் கலந்து பொடிப் புள்ளிகளாகத் தெரியும். உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். டெனிம் ட்வில் நெசவு: நீலப் பாவு இரண்டு அல்லது மூன்று ஊடைகளுக்கு மேல் தாவி, ஒன்றுக்குக் கீழ் இறங்கும். அதனால் நீலம் வெளியே மேலோங்கி நிற்கும், வெள்ளை உள்ளே ஒதுங்கும், துணியில் சாய்வுக் கோடுகள் விழும். சட்டைக் கையைப் புரட்டிப் பாருங்கள். உள்பக்கம் வெளுத்திருந்தால் டெனிம். இருபக்கமும் ஒன்றாக இருந்தால் ஷாம்ப்ரே. வெளியே நீலமும் சாய்வுக் கோடும் இருந்து, உள்ளே அச்சு மைபோல மங்கலாகத் தெரிந்தால் அது டெனிம் மாதிரி அச்சடித்த துணி. விலை குறைவாக இருப்பதன் ரகசியம் அதுதான்.

இந்த நெசவு வேறுபாடு உடம்பில் ஏறியதும் மூன்று இடங்களில் தெரியும்.

முதலாவது காற்று. சாதா நெசவு ஷாம்ப்ரே மெல்லியதாகவே நெய்யப்படுவது, காற்று எளிதாக நுழையும். ஒரு சட்டை எவ்வளவு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்பது மட்டுமே உங்கள் கேள்வி என்றால், இங்கேயே நிறுத்திவிட்டு ஷாம்ப்ரே வாங்கலாம். ஆனால் நேர் வெயில் படும்போது கணக்கு கொஞ்சம் மாறும். நெருக்கமாக நெய்த டெனிம் சூரியக் கதிரைத் தடுப்பதில் மெல்லிய துணிகளை விடக் கெட்டி. மதிய வெயிலில் இரு சக்கர வாகனம் ஓட்டுபவர்கள் கையை மூட டெனிம் சட்டையைத் தேடுவது வெறும் நாகரிகத்துக்காக மட்டும் இல்லை.

இரண்டாவது வேர்வை. உடை யோசனைக் கட்டுரைகளில் இதை யாரும் எழுதக் காணோம். அவை பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. வெளிர்நீல ஷாம்ப்ரேயில் ஈரம் பட்ட இடம் அப்படியே கருத்துத் தெரியும். மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை நின்றுகொண்டே வந்தவரின் முதுகில் ஒரு வரைபடமே இருக்கும். அடர்நீல டெனிமில் ஈரம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் காய்ந்த பிறகு உப்பு வெள்ளைக் கோடாகப் படியும். ஆக, காலையில் நனைந்து போய்ச் சேர்பவருக்கு அடர்நீலம் மானம் காக்கும். அதே சட்டையைத் துவைக்காமல் மறுநாளும் போட நினைப்பவரைக் காட்டிக்கொடுக்கும். ஷாம்ப்ரேதான் வேண்டும் என்றாலும் அதன் அடர்ந்த நீலத்தைத் தேடி வாங்குங்கள். வெளிர்நீல ஷாம்ப்ரே, குளிரூட்டிய காரிலிருந்து இறங்கி நேராகக் குளிரூட்டிய அறைக்குள் நுழைபவருக்கு.

மூன்றாவது, சட்டை நிற்கும் விதம். டெனிமின் காலர் தானாக நிமிர்ந்து நிற்கும். மேல் பொத்தானைத் திறந்துவிட்டால்கூட ஒழுங்காக இருக்கும். பையில் கைபேசி வைத்தாலும் மார்புப் பக்கம் பெரிதாகத் தொங்காது. ஷாம்ப்ரேயின் மென்மையான காலர் நாலைந்து சலவைக்குப் பிறகு சரிந்துவிடும், பையில் கனமாக எதையும் வைக்க முடியாது. காலர் முனையில் சிறு பொத்தான் வைத்துத் தைத்த ஷாம்ப்ரே வாங்கினால் இந்தக் குறை பாதி தீரும்.

இத்தனைக்கும் பிறகு டெனிமை ஏன் மேலே வைக்கிறேன்? அது இரு வேடம் போடும் என்பதால். பொத்தான் போட்டால் சட்டை. வெள்ளை டி-ஷர்ட்டுக்கு மேல் திறந்துவிட்டால் மெல்லிய ஜாக்கெட். ஷாம்ப்ரேயைத் திறந்துவிட்டால் பொத்தான் போட மறந்தவர் மாதிரிதான் தெரிகிறது. துணிக்குத் தனியே நிற்கும் உறுதி இல்லை. ஒரே சட்டையில் அதிக வேலை வாங்க வேண்டும் என்பது நிபந்தனை என்றால் டெனிம் முந்துகிறது. திறந்துவிட்டுப் போடும் பழக்கமே கிடையாது, எப்போதும் பொத்தான் போட்டு பேண்ட்டுக்குள் செருகித்தான் அணிவேன் என்பவர் தயங்காமல் ஷாம்ப்ரேக்குப் போகலாம்.

அடர்நீலமா, வெளிறிய நீலமா?

இதில் எனக்கு இரண்டு மனம் கிடையாது. முதல் சட்டை அடர்நீலமாக இருக்க வேண்டும். டெனிமுக்கு நிறம் தரும் அவுரி நீலம், அதாவது இண்டிகோ, தண்ணீரில் கரையாத சாயம். அதை வேதிமுறையில் கரைய வைத்து நூலை முக்கி, வெளியே எடுத்துக் காற்றில் காட்டினால் பச்சை கலந்த மஞ்சளாக இருந்தது நீலமாக மாறும். இப்படிப் பல தடவை முக்கி எடுத்தும் சாயம் நூலின் மேற்பரப்பில்தான் தங்கும். நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்து நம் நாட்டு அவுரித் தோட்டங்களின் வணிகத்தைச் சரித்தது. ஆனாலும் சாயத்தின் இந்தக் குணம் மாறவில்லை. மேல் பூச்சு தேயத் தேய உள்ளே இருக்கும் வெள்ளை எட்டிப்பார்க்கிறது. முழங்கை, காலர் மடிப்பு, பட்டியின் ஓரம், முதுகுப்பை வார் உரசும் தோள் என்று அணிபவரின் பழக்கத்துக்கேற்பத் தேயும்.

ஆக, இன்று அடர்நீலமாக வாங்கியது சில ஆண்டுகளில் நடுநீலமாகிவிடும்; ஒரே விலையில் இரண்டு சட்டை. வெளிறியதாகவே வாங்கினால் அதற்குமேல் போக இடமில்லை. மேலும், கடையிலேயே வெளிறச் செய்த சட்டையில் தேய்மானம் உங்களுடையது இல்லை. நுரைக்கல்லோடு சுழற்றியோ நொதி சேர்த்துத் துவைத்தோ சட்டை முழுதும் மென்மையாக்குவது நல்ல முறைதான். அதைத்தான் வாங்கச் சொல்கிறேன். ஆனால் முழங்கையிலும் மார்பிலும் மட்டும் வெள்ளைத் திட்டு வைத்த சட்டைகளை ஒதுக்குங்கள். இப்படித் திட்டு வைக்க மணலைப் பீய்ச்சும் முறையில் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்ததால் துருக்கி 2009-இல் அதைத் தடைசெய்தது. இன்று அதே தோற்றத்துக்கு வேறு முறைகளும் உண்டு. அழகின் கணக்கில் பார்த்தாலும் அந்தத் திட்டு இருக்கும் சட்டை அலுவலகத்துக்கு ஆகாது.

மாநிறமோ கருநிறமோ உள்ளவர்கள் அடர்ந்த நிறம் போடக்கூடாது என்று கடையிலும் வீட்டிலும் சொல்வார்கள். அதைக் காதில் வாங்க வேண்டாம். அடர்நீலம் நம் தோல் நிறத்துக்கு மிகப் பொருந்தும் நிறங்களில் ஒன்று. கவனிக்க வேண்டியது சட்டைக்கும் முகத்துக்கும் இடையே உள்ள வேறுபாட்டை விட, சட்டைக்கும் பேண்ட்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைத்தான்.

கீழே என்ன?

அடர்நீல டெனிமோடு கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடியது காக்கி அல்லது மணல் நிறச் சினோஸ், அதாவது பருத்திப் பேண்ட். சட்டையை உள்ளே செருகி, பழுப்பு பெல்ட், பழுப்புத் தோல் ஷூ போட்டால் வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குத் தயார். சட்டையை வெளியே விட்டு, வெள்ளை ஸ்னீக்கர் போட்டால் அதே ஆள் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டார். பெல்ட்டும் ஷூவும் கறுப்பாக இருந்தால் ஏனோ இந்தச் சேர்க்கை சீருடைச் சாயல் கொண்டுவிடுகிறது, பழுப்புதான் சரி.

அடுத்த இடம் ஆலிவ் பச்சைக்கு. காக்கியை விட அமைதியாக இருக்கும், அழுக்கும் தாங்கும், பஸ் பயணத்துக்கு இதுவே மேல். வெளிர்சாம்பல் நிற பார்மல் பேண்ட்டோடு அடர்நீல டெனிமை உள்ளே செருகிப் போடுவது அலுவலகத்தில் ஒரு படி மேலே நிற்கும். ஆனால் துணி மெல்லியதாக இருந்தால்தான். பார்மல் பேண்ட்டின் மெல்லிய இடுப்புக்குள் கனத்த சட்டையைத் திணித்தால் தொப்பை இல்லாதவருக்கும் தொப்பை வரும். ஷாம்ப்ரே இந்த இடத்தில் டெனிமைத் தோற்கடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்மேல் ஒரு சாம்பல் பிளேசர் போட்டால் கூட்டங்களுக்கே போகலாம்.

வெண்ணெய் நிறப் பேண்ட் பார்வைக்குப் பிரமாதம். புதுச் சட்டையோடு போடாதீர்கள். இடுப்பில் நீலக் கறை ஏறும். கருநீலப் பேண்ட் வேண்டவே வேண்டாம். சட்டைக்கு மிக நெருங்கிய நிறம், ஆனால் அதே நிறம் இல்லை. பொருத்தம் தேடித் தோற்றவர் போலத் தெரியும்.

ஜீன்ஸ்மேல் டெனிம் சட்டை போடலாமா என்பது பழைய வழக்கு. 1951-இல் கனடாவின் வான்கூவரில் ஒரு ஹோட்டலுக்கு டெனிம் உடையில் போன அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பிக்கு முதலில் அறை மறுக்கப்பட்டது. செய்தி பரவியதும் லீவைஸ் நிறுவனம் அவருக்கென்றே டெனிம் துணியில் ஒரு டக்ஸீடோ கோட்டு தைத்துக் கொடுத்தது. இன்று எந்த ஹோட்டலும் மறுக்காது, சிக்கல் வேறு. மேலும் கீழும் ஒரே நீலமாக இருந்தால் மெக்கானிக் கடைச் சீருடையாகிவிடும். உங்களிடம் இருப்பது அடர்நீலச் சட்டை என்றால் கறுப்பு அல்லது சாம்பல் ஜீன்ஸ் போடுங்கள், வழக்கே முடிந்தது. நீலத்தோடு நீலம்தான் வேண்டும் என்றால் ஒன்று நன்றாக வெளிறியதாகவும் மற்றது நன்றாக அடர்ந்ததாகவும் இருக்க வேண்டும். வெளிறியது மேலே இருப்பது நல்லது. வெளிறிய சட்டை ஜெயிக்கும் இடம் இது ஒன்றுதான்.

வேட்டியோடு டெனிம் சட்டை போடும் இளைஞர்களைப் பொங்கலன்று கல்லூரி வாசல்களில் பார்க்கலாம். பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் எல்லா டெனிமும் வேட்டிக்கு ஒத்துவராது. வேட்டி மெல்லிய துணி, அலையும் துணி. அதன்மேல் இரண்டு மூடிபோட்ட பையும் ஆரஞ்சுத் தையலும் வைத்த கனத்த சட்டை விழுந்தால், மேல் பாதி ஓர் ஊரிலும் கீழ் பாதி இன்னோர் ஊரிலும் இருக்கும். அடர்நீல ஷாம்ப்ரேயோ 4 அவுன்ஸ் டெனிமோ குறுகிய கரை வேட்டியோடு அழகாகவே இணையும். கையை முழங்கை வரை மடித்து, தோல் செருப்பு போட்டால் போதும். முகூர்த்தத்துக்கு வேண்டாம், முந்தைய நாள் மாலை வரவேற்புக்குப் போகலாம்.

வெஸ்டர்ன், ஓவர்ஷர்ட், அரைக்கை

பிரஸ் பட்டன், தோளிலிருந்து மார்புக்கு இறங்கும் கூர்முனைத் துண்டு (யோக்), இரண்டு மூடிபோட்ட பை: இதுதான் வெஸ்டர்ன் சட்டை. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1946-இல் ராக்மவுண்ட் ராஞ்ச் வேர் நிறுவனத்தைத் தொடங்கிய ஜாக் வெய்ல்தான் இந்தச் சட்டைகளில் பிரஸ் பட்டனைப் பரவலாக்கியவர். 2008-இல் 107 வயதில் இறக்கும்வரை தொழிலை விடவில்லை. முள்ளிலோ சேணத்திலோ சட்டை மாட்டினால் பட்டன் கிழியாமல் தானாகத் திறந்துகொள்ளும் என்பது அந்த வடிவத்தின் நியாயம். கார்ட்டரும் ரீகனும் 1980 அமெரிக்க அதிபர் தேர்தலில் எதிரெதிரே நின்றவர்கள். டெனிம் சட்டையோடு இருவருக்கும் படங்கள் உண்டு. அந்த நாட்டில் அது கட்சி பேதமற்ற சொந்த உடை. நம் ஊரில் அதே வெஸ்டர்ன் வெட்டு கொஞ்சம் வேடமாகத் தெரியும். அதில் தவறில்லை, வேடம் போட்டுக்கொள்ள ஆசைப்படும் நாள்கள் எல்லோருக்கும் உண்டு. ஆனால் யோக்கும் மூடிபோட்ட பைகளும் எல்லோர் கண்ணிலும் நிற்பவை. வாரம் இருமுறை போட்டால் அலுவலகத்தில் அந்தச் சட்டையின் பெயரால் உங்களை அழைக்கத் தொடங்குவார்கள். அடையாளம் அதிகமுள்ள சட்டை பல இடத்துக்கு ஆகாது.

ஓவர்ஷர்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு என்றால் யோசிக்கலாம். சென்னையில் அது இரவு ரயிலின் ஏசி பெட்டிக்குரிய உடை.

அரைக்கை டெனிம் சட்டையை வெயிலுக்கு ஏற்றது என்று விற்கிறார்கள். மெல்லிய ஷாம்ப்ரேயில் அரைக்கை சரி. டெனிமில் அரைக்கை தோளிலிருந்து விறைத்து இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும், மெலிந்த கை இன்னும் மெலிந்து தெரியும். முழுக்கையை மடித்துவிடுவதே மேல்.

ஆயத்தமா, தையலா?

வேறு எந்தச் சட்டைக்கும் நான் தையற்காரர் பக்கம்தான். டெனிமுக்கு மட்டும் ஆயத்தச் சட்டை பெரும்பாலும் முந்துகிறது. காரணம், தொழிற்சாலையில் சட்டையைத் தைத்து முடித்த பிறகு துவைக்கிறார்கள். தையல் ஓரங்களில் நூல் இழுத்துச் சுருக்கம் விழுந்து, அந்த மேடுகளில் சாயம் தேய்ந்து, டெனிமுக்கே உரிய உயிர் வருகிறது. துணியாக வாங்கித் தைத்தால் அது வராது. சட்டை முழுதும் ஒரே நீலமாகத் தட்டையாக இருக்கும். பக்கவாட்டிலும் கையிலும் வரும் இரட்டைத் தையல் மடிப்பை எல்லாத் தையற்காரர்களும் போட மாட்டார்கள். ஓவர்லாக் அடித்து முடித்துவிடுவார்கள். கையை மடிக்கும்போது அது வெளியே தெரியும்.

ஆனால் அந்தத் தட்டையான தோற்றமே அலுவலகத்துக்கு மட்டும் வாங்குபவருக்குச் சாதகம். நீள நீளமான கை, அகன்ற தோள், பெரிய வயிறு என்று ஆயத்த அளவில் அடங்காதவர்களும் தைத்துக்கொள்வதே நல்லது. 58 அங்குல அகலத் துணியில் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் போதும்; உருவம் பெரியதென்றால் கூடுதலாக எடுங்கள். துணியை ஒரு முறை தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். தையற்காரரிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: துணியின் நிறத்திலேயே நூல், மூடி இல்லாத ஒரே பை, காலருக்குள் மெல்லிய கேன்வாஸ். ஆரஞ்சு நூலைக் கேட்டால் அலுவலகத்தை மறந்துவிட வேண்டும்.

எந்த வழியில் வாங்கினாலும் நீளத்தைக் கவனியுங்கள். உள்ளேயும் செருக வேண்டும், வெளியேயும் விட வேண்டும் என்பதால் முன்பக்கம் பேண்ட் ஜிப்பின் நடுவரை வந்தால் சரி. அதற்குக் கீழே இறங்கினால் வெளியே விடும்போது ஜிப்பா மாதிரி தொங்கும். அடிப்பகுதி லேசாக வளைந்திருப்பது இரண்டுக்கும் உதவும். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் முடிய வேண்டும். டி-ஷர்ட்டுக்கு மேல் போட வேண்டும் என்று ஓர் அளவு பெரிதாக வாங்குபவர்கள், பிறகு அதை உள்ளே செருகும் ஆசையை விட்டுவிட வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு

புதிய அடர்நீலச் சட்டையின் சாயம் உரசும் இடத்திலெல்லாம் ஒட்டும்: உள்ளே போட்ட வெள்ளை டி-ஷர்ட்டின் கழுத்து, வெண்ணெய் நிறப் பேண்ட், வெளிர்நிறத் தோல் பை, கார் இருக்கை. வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கிச் சட்டையின் உள்மடிப்பில் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். நீலம் பளிச்சென்று வந்தால் இன்னும் சில சலவை ஆகும்வரை அந்தச் சட்டையை அடர்ந்த பேண்ட்டோடு மட்டும் போடுங்கள். வேட்டி ஆசை அதற்குப் பிறகு.

முதல் சில தடவை தனியாகத் துவையுங்கள். பிறகும் உள்பக்கத்தை வெளியே புரட்டி, பொத்தான் போட்டு, குளிர்ந்த தண்ணீரில், சலவைத்தூளைக் குறைத்து. மொட்டை மாடிக் கொடியில் காய்ந்தே தீர வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். இந்தச் சட்டைக்கு மட்டும் நிழல் தேடுங்கள். நேர் வெயிலில் அவுரி நீலம் சீக்கிரம் வெளுக்கும், அதுவும் கொடியில் மடிந்த இடத்தில் ஒரு கோடாக. இஸ்திரிக்காரரிடம் கொடுத்தால் கைப்பகுதியில் கூர்மடிப்பு வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த மடிப்பின் மேல் சாயம் தேய்ந்து வெள்ளைக் கோடாகிவிட்டால் பிறகு எடுக்க முடியாது. ஜீன்ஸை மாதக்கணக்கில் துவைக்காமல் போடும் டெனிம் பைத்தியங்களின் யோசனையைச் சட்டைக்குப் பின்பற்றாதீர்கள். அக்குள் வேர்வை தோய்ந்த சட்டை வேறு, பேண்ட் வேறு.

இரண்டாவது சட்டைக்கு எப்போதாவது இடம் வந்தால், முதலில் அடர்நீல டெனிம் வாங்கியவர் வெளிர்நீல ஷாம்ப்ரேயையும், ஷாம்ப்ரேயில் தொடங்கியவர் 5 அவுன்ஸ் டெனிமையும் பார்க்கட்டும். பெங்களூருக்கு வேலை மாற்றலாகிப் போகிறவர் மட்டும் இந்த வரிசையைத் தாண்டி நேராக ஓவர்ஷர்ட் வாங்கிக்கொள்ளலாம். அங்கே டிசம்பர் மாலையில் அதற்கு வேலை இருக்கிறது.